ஸ்டீம் டெக்கில் ஸ்டார்டியூ வேலிக்கு மோட் போடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களும் உறவுக்காரப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டு, அதன் 1.6 பதிப்பு, வால்வ் நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. எல்சிடி திரை டெக், ஓலெட் திரை டெக் இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

மோட் என்றால் என்ன? அது இல்லாமல் விளையாட முடியாதா?

தாராளமாக விளையாடலாம். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் ஏறக்குறைய நாலரை ஆண்டுகள் உழைத்து, நிரலும் படமும் இசையும் கதையும் தானே செய்து, 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. எந்த மோடும் இல்லாமலே அது முழுமையானது. முதல் முறை விளையாடுகிறவர்கள் ஓர் ஆண்டாவது, அதாவது விளையாட்டுக்குள் நான்கு பருவங்களாவது, அப்படியே விளையாடிப் பாருங்கள்.

மோட் என்பது ரசிகர்கள் செய்து இலவசமாகத் தரும் கூடுதல். ஊரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும் சின்ன உதவி முதல், புது ஊரையும் புது மனிதர்களையும் கொண்டுவரும் பெரிய விரிவாக்கம் வரை எல்லாம் இதில் அடங்கும்.

டெக்கில் இது உண்மையிலேயே நடக்குமா? ஸ்விட்சில் முடியாது என்றார்களே?

ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் முடியாது. கைப்பேசியிலும் அதிகாரபூர்வமான வழி இல்லை. டெக்கில் முடியும், ஏனென்றால் அது ஒரு முழுக் கணினி. உள்ளே ஓடும் ஸ்டீம்ஓஎஸ், ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. விளையாட்டின் கோப்புகள் நம் கண்ணெதிரே திறந்து கிடக்கின்றன, அவற்றோடு புதிதாகச் சேர்க்க யாரும் தடை போடவில்லை.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் 'சேவ்' கோப்புகளை, அதாவது விளையாட்டில் நீங்கள் எட்டிய நிலையைச் சேமித்துவைத்திருக்கும் கோப்புகளை, ஒரு பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

லினக்ஸ் வடிவத்தில் (அது என்ன, மற்ற வடிவத்தில் சேவ் எங்கே என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) சேவுகள் உங்கள் ஹோம் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' என்ற மறைந்த கோப்புறையில் இருக்கும். அதற்குள் 'ஸ்டார்டியூவேலி', அதற்குள் 'சேவ்ஸ்'. மறைந்தவை தெரிய, டெஸ்க்டாப் பக்கம் போய் (எப்படி என்று கீழே இருக்கிறது) டால்ஃபின் கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்துங்கள். அந்த 'சேவ்ஸ்' கோப்புறையை அப்படியே டாக்குமென்ட்ஸ் பக்கம் ஒரு பிரதி போட்டு, அன்றைய தேதியைப் பெயராக வைத்துவிடுங்கள். சேவுகளை இணையத்தில் வைத்திருக்கும் ஸ்டீம் கிளவுட் இருக்கிறதே என்று கேட்பார்கள். கிளவுட் என்பது கடைசியாக இருந்த நிலையின் நகல். சேவ் கெட்டுப்போனால் கெட்டுப்போனதைத்தான் அது மேலே அனுப்பும்.

லினக்ஸ் வடிவமா, ப்ரோட்டானா? இதை ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்?

டெக்கில் மோட் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டார்டியூ வேலிக்கு விண்டோஸ் வடிவம் உண்டு, லினக்ஸ் வடிவமும் உண்டு. டெக் லினக்ஸ் கணினி என்பதால் லினக்ஸ் வடிவம் நேரடியாகவே ஓடும். ப்ரோட்டான் என்பது விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் இடையடுக்கு. யாரோ சொன்னார்கள் என்று இந்த விளையாட்டுக்கும் ப்ரோட்டானைக் கட்டாயமாக்கி வைத்திருந்தால், ஸ்டீம் விண்டோஸ் வடிவத்தைத்தான் இறக்கும். அதன் மேல், மோடுகளை ஏற்றும் ஸ்மாபி என்ற நிரலின் லினக்ஸ் நிறுவியை ஓட்டினால் என்ன ஆகும்? எல்லாம் சரியாகப் போட்டும் ஒரு மோடும் தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டீமில் விளையாட்டின் 'ப்ராபர்ட்டீஸ்' திறந்து 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியைப் பாருங்கள். அங்கே ப்ரோட்டானைக் கட்டாயப்படுத்தும் குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்டீம் உடனே லினக்ஸ் கோப்புகளை இறக்கத் தொடங்கும். இறங்கியதா என்று உறுதிசெய்ய விளையாட்டின் கோப்புறையைத் திறந்து பாருங்கள். 'இஎக்ஸ்இ' என்று முடியும் ஸ்டார்டியூ வேலி கோப்பு இருந்தால் அது விண்டோஸ் வடிவம். எந்த வால் எழுத்தும் இல்லாமல் 'ஸ்டார்டியூவேலி' என்று மட்டும் ஒரு கோப்பு இருந்தால் லினக்ஸ் வடிவம்.

வடிவத்தை மாற்றிய பிறகு சேவ் காணவில்லை என்று பதற வேண்டாம். ப்ரோட்டானில் ஓடும்போது சேவுகள் வேறிடத்தில் இருக்கும். ஸ்டீம் நூலகத்தில் 'கம்பாட்டேட்டா' என்ற கோப்புறைக்குள், 413150 என்ற எண்ணின் கீழ், ஒரு பொய்யான விண்டோஸ் வட்டு போல அமைத்திருப்பார்கள். கிளவுட் ஒத்திசைவு இயங்கினால் சேவுகள் பெரும்பாலும் தானாகவே புது இடத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் அங்கிருந்து கையால் எடுத்து, மேலே சொன்ன 'சேவ்ஸ்' கோப்புறைக்குள் போட்டால் போதும்.

டெஸ்க்டாப் பக்கம் எப்படிப் போவது? கீபோர்டு, மவுஸ் வேண்டுமா?

ஸ்டீம் பொத்தானை அழுத்தி, 'பவர்' பகுதியில் 'ஸ்விட்ச் டு டெஸ்க்டாப்' தேர்ந்தெடுங்கள். வலது டிராக்பேட்தான் மவுஸ். ஆர்2 இடது கிளிக், எல்2 வலது கிளிக். எழுத வேண்டிய இடத்தில் ஸ்டீம் பொத்தானுடன் எக்ஸ் அழுத்தினால் திரையில் விசைப்பலகை வரும். இந்த வசதியே போதும், ஆனால் வீட்டில் ப்ளூடூத் கீபோர்டும் மவுஸும் இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள், கை வலிக்காது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் சில வழிகாட்டிகள், கணினியின் மூலக்கோப்புகளுக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறக்கச் சொல்லும், நிர்வாகக் கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ஸ்டார்டியூ மோடுக்கு இரண்டும் தேவையில்லை. எல்லாம் உங்கள் ஹோம் கோப்புறைக்குள்ளேயே நடக்கும் வேலை.

ஸ்மாபி என்கிறார்களே, அது என்ன? எப்படி நிறுவுவது?

மோடுகளை விளையாட்டுக்குள் ஏற்றிவிடும் வாகனம் ஸ்மாபி. பாத்தோஸ்சைல்டு என்ற புனைபெயரில் இயங்கும் நிரலாளர் பல ஆண்டுகளாக அதைப் பராமரித்துவருகிறார். விளையாட்டின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஈடுகொடுத்து, பழைய மோடுகளைக்கூட முடிந்தவரை ஓடவைக்கும் அந்த உழைப்புக்கு இந்த விளையாட்டின் ரசிகர்கள் அத்தனை பேரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஸ்மாபியை நிறுவும் முன், விளையாட்டை மோட் இல்லாமல் ஒரு முறை திறந்து மூடுங்கள். பிறகு ஸ்மாபியின் தளத்திலிருந்து ஜிப் கோப்பை இறக்குங்கள். அதை வலது கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட்' கொடுத்து முழுமையாக விரித்துக்கொள்ளுங்கள். ஜிப்புக்குள் எட்டிப் பார்த்தபடியே ஓட்டினால் ஓடாது. விரித்த கோப்புறையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு இருக்கும். 'இன்ஸ்டால் ஆன் லினக்ஸ்' என்பதுதான் நம்முடையது.

அதை இருமுறை கிளிக் செய்தால் திறக்கவா, இயக்கவா என்று டால்ஃபின் கேட்கும். 'எக்ஸிக்யூட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டாலோ, வெறும் எழுத்தாகத் திறந்துகொண்டாலோ, கட்டளைகளை எழுதும் கொன்சோல் செயலியைத் திறந்து, அந்தக் கோப்பை இழுத்து அதன் மேல் விடுங்கள். வரும் பட்டியலில் 'பேஸ்ட் லொகேஷன்' கொடுத்து என்டர் தட்டுங்கள்.

கறுப்புத் திரையில் முதலில் எழுத்தின் நிறத்தைப் பற்றிக் கேட்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வரியின் எண்ணைத் தட்டுங்கள். அடுத்து விளையாட்டு இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக் காட்டும். பிறகு நிறுவுவதா, நீக்குவதா என்று கேட்கும்போது 1 தட்டி என்டர் கொடுத்தால் வேலை முடிந்தது.

விண்டோஸில் இதற்குப் பிறகு ஸ்டீமின் 'லான்ச் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஒரு வரி எழுத வேண்டும். லினக்ஸில் அது வேண்டாம். நிறுவி, பழைய 'ஸ்டார்டியூவேலி' கோப்புக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் தன் கோப்பை வைத்துவிடுகிறது. ஸ்டீமில் 'ப்ளே' அழுத்தினால் ஸ்மாபிதான் எழும். விண்டோஸ் வழிகாட்டியைப் பார்த்து அந்த வரியை இங்கேயும் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள்.

விளையாட்டு மெமரி கார்டில் இருக்கிறது. அதற்கு ஏதாவது தனி வழியா?

இல்லை. நிறுவி இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் மட்டும் நீங்கள் காட்ட வேண்டும். ஸ்டீமில் விளையாட்டை வலது கிளிக் செய்து 'மேனேஜ்', அதில் 'ப்ரௌஸ் லோக்கல் ஃபைல்ஸ்' கொடுங்கள். திறக்கும் கோப்புறையின் முகவரியை மேலே உள்ள பட்டையிலிருந்து நகலெடுத்து நிறுவியில் ஒட்டுங்கள்.

மோடுகளை எங்கே எடுப்பது, எங்கே போடுவது?

பெரும்பாலானவை நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தில் இருக்கின்றன. இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், பணம் கட்ட வேண்டியதில்லை. 'மேனுவல் டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஜிப்பை இறக்கி, விரித்து, உள்ளே இருக்கும் கோப்புறையை விளையாட்டுக் கோப்புறையில் உள்ள 'மோட்ஸ்' என்பதற்குள் போடுங்கள். ஸ்மாபி நிறுவியதும் அந்தக் கோப்புறை தானாகவே உருவாகியிருக்கும்.

ஒவ்வொரு மோடுக்குள்ளும் 'மேனிஃபெஸ்ட்' என்ற கோப்பு இருக்கும். ஸ்மாபி அதைப் பார்த்துத்தான் மோடை அடையாளம் காண்கிறது. கோப்புறைக்குள் கோப்புறையாக இருந்தாலும் தேடிப் பிடித்துவிடும். அதனால் 'வசதிகள்', 'புது ஊர்கள்', 'படங்கள்' என்று பிரித்து அடுக்கிவைக்கலாம். ஒரு மோடைத் தற்காலிகமாக நிறுத்த அதன் கோப்புறைப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள், ஸ்மாபி அதைத் தாண்டிப் போய்விடும். லினக்ஸில் புள்ளியில் தொடங்குபவை கண்ணுக்கு மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மோட் அழிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோல், எச் அழுத்தினால் மீண்டும் தெரியும்.

விளையாட்டின் மூலப்படங்களை நேரடியாக மாற்றிவைக்கச் சொல்லும் எக்ஸ்என்பி வகை மோடுகளைத் தொட வேண்டாம். அடுத்த புதுப்பிப்பில் அவை காணாமல் போகும், அல்லது விளையாட்டையே கெடுக்கும்.

முதலில் எதைப் போடலாம்?

என் வரிசை இது. முதலில் கன்டென்ட் பேட்சர். இது தனியாக எதையும் மாற்றாது, ஆனால் நூற்றுக்கணக்கான மோடுகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. அடுத்து ஜெனரிக் மோட் கான்ஃபிக் மெனு. மற்ற மோடுகளின் அமைப்புகளை விளையாட்டுக்குள்ளேயே மாற்ற உதவும். டெக்கில் இது பெரிய நிம்மதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்க்டாப் பக்கம் ஓட வேண்டாம். அப்புறம் லுக்அப் எனிதிங். ஒரு செடியையோ மனிதரையோ சுட்டினால், அறுவடைக்கு எத்தனை நாள், அவருக்கு என்ன பரிசு பிடிக்கும் என்றெல்லாம் சொல்லும். நான்காவதாக, ஊரார் இருக்குமிடம் காட்டும் என்பிசி மேப் லொகேஷன்ஸ்.

இந்த நான்கோடு ஒரு வாரம் விளையாடுங்கள். ஒரே நாளில் முப்பது மோடுகளைக் கொட்டினால், ஏதாவது கெடும்போது எது கெடுத்தது என்று தெரியாமல் தவிப்பீர்கள். ஸ்டார்டியூ வேலி எக்ஸ்பாண்டட், ரிட்ஜ்சைடு வில்லேஜ் போன்ற பெரிய விரிவாக்கங்களை, புது சேவ் தொடங்கும்போது சேர்ப்பதே நல்லது. அவை ஒரே ஜிப்பில் பல கோப்புறைகளாக வரும், எல்லாவற்றையும் போட வேண்டும். தேவைப்படும் மற்ற மோடுகளின் பட்டியல் அந்தந்த மோடின் பக்கத்திலேயே 'ரிக்வயர்மென்ட்ஸ்' என்ற தலைப்பில் இருக்கும், அதை வரிவிடாமல் படியுங்கள்.

லுக்அப் எனிதிங் எஃப்1 விசையில் இயங்குகிறதாம். டெக்கில் எஃப்1 எங்கே?

டெக்கின் பின்பக்கம் தடவிப் பாருங்கள். எல்4, எல்5, ஆர்4, ஆர்5 என்று நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. ஸ்டார்டியூவுக்கு அவை தேவைப்படாததால் சும்மாவே கிடக்கும். விளையாட்டு ஓடும்போது ஸ்டீம் பொத்தானை அழுத்தி, கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, ஆர்4 பொத்தானுக்கு எஃப்1 விசையைக் கொடுங்கள். பெட்டிகளை எங்கிருந்தும் திறக்கும் செஸ்ட்ஸ் எனிவேர் மோடுக்கு பி விசை, அதை எல்4 பொத்தானுக்குக் கொடுங்கள். எனக்கு இது பழகியபிறகு, மேசைக் கணினியைவிட டெக்கில்தான் மோடுகள் கைக்கு இசைவாக இருக்கின்றன.

விசையை அழுத்தும்போதெல்லாம் திரையின் தோற்றம் மவுஸ் பாணிக்கு மாறி மாறிக் குதித்தால், விளையாட்டின் அமைப்பில் கேம்பேடை எப்போதும் கட்டாயமாக வைக்கும் தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் அதே பக்கத்தில் 'யூஐ ஸ்கேல்' அளவையும் கூட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் போட்டுவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. எங்கே பார்ப்பது?

ஸ்மாபியின் பதிவேட்டில். டெக்கின் வழக்கமான கேமிங் பக்கத்தில் ஸ்மாபியின் கறுப்பு ஜன்னல் கண்ணில் படாமலே போகலாம், ஆனால் நடந்ததையெல்லாம் அது எழுதிவைத்திருக்கும். சேவுகள் இருக்கும் 'ஸ்டார்டியூவேலி' கோப்புறையிலேயே 'எரர்லாக்ஸ்' என்று ஒன்று உண்டு. அதில் 'ஸ்மாபி லேட்டஸ்ட்' கோப்பின் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் சற்றுமுன் விளையாடிய நேரம் இல்லையென்றால் ஸ்மாபி எழவே இல்லை. ப்ரோட்டான் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

நேரம் சரியாக இருந்தால் உள்ளே படியுங்கள். எந்த மோடை ஏற்றவில்லை, ஏன் ஏற்றவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கும். பெரும்பாலும், வேறொரு மோட் தேவை, அது இல்லை என்பதாகத்தான் இருக்கும். ஆங்கிலம் சிரமமாக இருந்தால், ஸ்மாபி தளத்தில் அந்தக் கோப்பை ஏற்றி, கிடைக்கும் இணைப்பை விவரம் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். 'ஓடவில்லை' என்ற ஒரு சொல்லை வைத்து யாராலும் உதவ முடியாது. அந்தக் கோப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் காரணம் தெரிந்துவிடும்.

விளையாட்டு அப்டேட் ஆனதும் மோடுகள் போய்விட்டனவே?

போகவில்லை, 'மோட்ஸ்' கோப்புறை அப்படியே இருக்கும். ஸ்மாபி மாற்றிவைத்த அந்த ஒரு கோப்பின் மேல் ஸ்டீம் மறுபடி மூலக்கோப்பை எழுதிவிட்டது, அவ்வளவுதான். புதிய ஸ்மாபியை இறக்கி நிறுவியை மீண்டும் ஓட்டுங்கள். ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னாலும் இதேதான் நடக்கும்.

பெரிய புதுப்பிப்பு வேறு விஷயம். 2024 மார்ச் 19 அன்று 1.6 வந்தபோது, 1.5 காலத்து மோடுகள் பல ஓடவில்லை, அவற்றைச் செய்தவர்கள் திருத்தி வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் மோட் செய்தவர்களை அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் வேலை முடிந்த இரவில், சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறார்கள்.

ஒரு மோடை நீக்கினால் சேவ் என்ன ஆகும்?

வசதி மோடுகளை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். புது இடங்கள், மனிதர்கள், பயிர்கள் சேர்க்கும் மோடுகளை நடுவில் எடுப்பது ஆபத்து. அந்த மோடின் பொருட்கள் உங்கள் பெட்டியில் 'எரர் ஐட்டம்' ஆகிவிடும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு இலையுதிர் பருவத்தில், டெக்கில் இடம் போதவில்லை என்று ஒரு பெரிய பயிர் மோடை எடுத்தேன். வயலில் பாதியும் பெட்டியில் பாதியும் வீணாயின. அன்று என்னைக் காப்பாற்றியது ஸ்மாபியோடு சேர்ந்தே வரும் சேவ் பேக்கப் மோட். விளையாட்டுக் கோப்புறைக்குள் கடைசிப் பத்துப் பிரதிகளை அது வைத்திருக்கும். மோடைத் திரும்பப் போட்டு, முந்தைய நாள் பிரதியை எடுத்து வைத்ததும் வயல் மீண்டது. அன்றிலிருந்துதான் கையாலும் ஒரு பிரதி எடுக்கும் பழக்கம் வந்தது.

நண்பரோடு சேர்ந்து விளையாடலாமா?

ஆடலாம். ஊரையும் பொருளையும் மாற்றும் மோடுகள் இருவரிடமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற உதவி மோடுகள் ஒருவரிடம் இருந்தால் போதும்.

விளையாட்டைத் தமிழில் மாற்ற முடியுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவதும், எனக்கு மிகவும் பிடித்ததும் இந்தக் கேள்விதான்.

அதிகாரபூர்வமாக 12 மொழிகள் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆனால் 2021 நவம்பரில் வந்த 1.5.5 பதிப்பிலிருந்து, கன்டென்ட் பேட்சர் வழியாகப் புது மொழியைச் சேர்க்கும் கதவு திறந்திருக்கிறது. உரையாடல்களை மொழிபெயர்ப்பது உழைப்பு கேட்கும் வேலை, ஆனால் செய்யக்கூடியது. தடை எழுத்துருவில் இருக்கிறது.

இந்த விளையாட்டு எழுத்தை ஒரு படத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி வரிசையாக ஒட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கெ' என்று எழுதும்போது யூனிகோட் முதலில் ககரத்தையும் அடுத்து ஒற்றைக்கொம்பையும் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் இரு பக்கமும் வர வேண்டும். 'கு', 'து', 'ரு' என ஒவ்வொன்றும் தனி வடிவம். இந்த இடமாற்றத்தை நாம் தினமும் பார்க்கும் கைப்பேசியும் உலாவியும் ஓசையில்லாமல் செய்துவிடுகின்றன. ஸ்டார்டியூ செய்வதில்லை. அப்படியே தமிழைக் கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும்.

வழி இருக்கிறது என்றே நினைக்கிறேன். தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ் 16 என்ற குறியாக்கத்தில், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. 'கொ' அங்கே ஒரே குறி, ஒரே படம். இடமாற்றம் என்ற பேச்சே இல்லை. மொழிபெயர்ப்பை யூனிகோடில் எழுதி, ஒரு சிறு நிரலால் டேஸ் 16 வடிவத்துக்கு மாற்றி, 247 எழுத்துகளையும் கிரந்தத்தையும் தனித்தனிப் படமாக வரைந்த எழுத்துருவோடு சேர்த்தால் விளையாட்டுக்குப் புரிகிற மாதிரி தமிழைக் கொடுத்துவிடலாம். டெக்கின் சிறிய திரையில் 'ணௌ' போன்ற அகலமான எழுத்துகள் உரையாடல் பெட்டிக்குள் அடங்குமாறு வரைவதுதான் பொறுமை கேட்கும் பகுதி.

நான் உயிரெழுத்து பன்னிரண்டையும் ககர வரிசையையும் வரைந்து முடித்திருக்கிறேன். புள்ளிப்படம் வரையத் தெரிந்தவர் யாராவது மீதிப் பதினேழு வரிசைகளில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டால், விளையாட்டின் ஊரான பெலிக்கன் டவுனின் அறிவிப்புப் பலகையைத் தமிழில் படிக்கும் நாள் அருகில் வரும்.